கிடாய்க்கு ஒரு தீங்கும் நேரவில்லை

பாளையங்கோட்டை முடிசூட்டு ஞாபகார்த்த ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே என்கிற ராண்ட்கன் கதிரினால் எந்த நோயாளிக்கும் எந்தத் தீங்கும் நேர்ந்ததில்லை. ஆஸ்பத்திரியின் கதிர்ப் பாதுகாப்புக் கமிட்டி இதை வருஷந்தோறும் சபை கூட்டி, பன்னீர் தெளித்து, அறிவித்து வந்தது. எந்த நோயாளிக்கும் அந்தக் கதிர் காட்டப்பட்டதே இல்லை என்பதை மட்டும் அறிவிப்பதில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது உத்தியோக தர்மம் ஆகாது.

யந்திரம் என்றால் ஒரு மரப்பெட்டி, ஒரு கண்ணாடிக் குழல், நாலைந்து கம்பி. ஊரில் மின்சாரம் கிடையாது. ஆகையால் வெளித்தாழ்வாரத்தில் ஒரு சைக்கிளைத் தரையோடு முடுக்கி வைத்திருந்தார்கள். அதை ஒருவர் எங்கும் போகாமல் மிதித்துக்கொண்டே இருந்தால், உள்ளே குழல் பச்சையாக ஒளிரும். எதிரில் நிற்பவரின் எலும்பு தெரியும். ஜனங்கள் எலும்பு விளக்கு என்றார்கள். கமிட்டியார் வைத்த பெயர் ஒன்றரை வரி நீளம் என்பதால் நாமும் எலும்பு விளக்கு என்றே சொல்வோம்.

விளக்கைப் பார்த்துக்கொள்பவர் மேலப்பாளையம் பீர் மைதீன். தினமும் காலையில் குழல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு உலகமெங்கும் அப்போது ஒரே வழிதான்: கையை நீட்டி எலும்பு தெளிவாகத் தெரிகிறதா என்று பார்ப்பது. பீர் மைதீன் தம் இடது கையை நீட்டுவார். வருஷக்கணக்கில் நீட்டியதில் அந்தக் கையின் தோல் சுட்ட அப்பளம்போல் ஆகி, சுண்டுவிரலும் அதற்கடுத்ததும் போய்விட்டன. ஆனால் பீர் மைதீன் நோயாளி அல்ல, சிப்பந்தி. ஆகவே அவருடைய விரல்களைத் துடைப்பம், பீங்கான் கோப்பை முதலியவற்றோடு தளவாடத் தேய்மானத்தில் சேர்த்துவிட்டார்கள்.

"மத்த ஆஸ்பத்திரி விளக்கெல்லாம் மங்கிப்போச்சு வாத்தியாரே. நம்ம விளக்கு இன்னைக்கும் புதுசு மாதிரி இருக்கு" என்று அவர் அந்தக் கையையே நீட்டிப் பெருமையாகச் சொல்வார்.

வாத்தியார் என்று அவர் அழைத்தது ஜெபசீலனை. முக்கூடலுக்குப் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் சிறுபிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுப்பவர். கோட்டுப் போட்டவர் எவர் எதைச் சொன்னாலும் அதில் ஓர் அர்த்தம் இருக்கும் என்று நம்பி வளர்ந்தவர். அவர் மனைவி இன்பமணிக்கு அந்த நம்பிக்கை கிடையாது. அதற்குப் பதில் அவளுக்கு வாய் இருந்தது. இப்போது வயிற்றில் ஒரு கட்டியும் இருந்தது.

முதலில் ஊர்ப்பெண்கள் வேறு மாதிரி நினைத்தார்கள். கலியாணமாகி வெகுகாலம் பிள்ளையில்லாதவளுக்கு வயிறு மேடிட்டால் வேறெப்படி நினைப்பது? வளையல்காரனுக்குச் சொல்லியனுப்பும் அளவுக்குப் போய்விட்டது. பிறகு வயிறு ஏறுகிறதே தவிர ஆள் இறங்கிக்கொண்டே போவதைப் பார்த்து, வளையல்காரன் வேண்டாம், வண்டியைக் கட்டு என்றார்கள். சித்திரை வெயிலில் வாத்தியார் அவளைப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்தார்.

ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் ஒரு மேஜர் துரை. சர்க்கார் வைக்கும் தமிழ்ப் பரீட்சையில் இலக்கணத்தில் முதலாவதாகத் தேறியவர். அதனால் அவர் பேசினால் பாதி நோயாளிகள் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொள்வார்கள், ஜெபம் செய்கிறார் என்று.

மேஜர் இன்பமணியின் வயிற்றை விரல்களால் அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அம்மா, உன் இரைப்பையில் ஒரு கட்டி வளர்கின்றது. அதனை வெட்டி எடுப்பேன். ஆயினும் வேர் எஞ்சும். வயிறு திறந்திருக்கும்பொழுதே அவ்வேரின்மேல் கதிரைச் செலுத்த விரும்புகின்றேன். ஜெர்மன் தேசத்தார் செய்துள்ளனர்."

வாத்தியார் கேட்டார்: "சொகமாயிருமா தொரை? உள்ள புண்ணு கிண்ணு ஆயிருமா?"

"எனக்குத் தெரியாது."

வாத்தியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. துரைக்குத் தெரியாத ஒன்று இருக்க முடியும் என்று அவர் பாடத்தில் இல்லை.

"வெட்டாது விட்டால் யாது நிகழும் என்பது தெரியும். ஐப்பசி மழைக்கு முன் வெட்டுதல் வேண்டும். பின்னர் அது ஈரலைப் பற்றிக்கொள்ளும்."

வெளியே வந்ததும் இன்பமணி சொன்னாள்: "நம்ம ஊரு வைத்தியரு, பூசாரி, பண்டுவக்காரி அம்புட்டு பேரும் தெரியும் தெரியும்னு சொல்லித்தான் இம்புட்டு பெருசாச்சு. தெரியாதுன்னு சொல்லுத மனுசன் இவரு ஒருத்தருதான். இவரே வெட்டட்டும்."

மழைக்கு இன்னும் வெகுநாள் இருந்தது. கதிருக்கு அனுமதி ஆகாமல் கத்தி வைக்க முடியாதென்பதும், அந்த அனுமதியைத் தரக் கமிட்டி என்று ஒன்று இருப்பதும் அவர்களுக்குத் தெரியாது.

கமிட்டியின் தலைவர் ராவ் பகதூர் சாம்பசிவம் பிள்ளை, பென்ஷன் வாங்கும் டிப்டி கலெக்டர். காரியதரிசி வக்கீல் ராமசுப்பு ஐயர். மற்ற அங்கத்தினர்கள் இவ்விருவரும் பேசும்போது தலையாட்டுவதற்காக நியமிக்கப்பட்டவர்கள்; அதை அவர்கள் குறைவின்றிச் செய்தார்கள்.

வாத்தியாரைக் கூப்பிட்டு நிறுத்தி வைத்துப் பிள்ளையவர்கள் திருவாய் மலர்ந்தார்கள்: "வாரும்வே வாத்தியார். பாதுகாப்புன்னா என்ன? யாருக்கும் தீங்கு வரப்பிடாது. யாருக்கு? மொதல்ல யந்திரத்துக்கு. அது சீமைச் சாமான், ஒடைஞ்சா வாராது. அடுத்தாப்ல ஆஸ்பத்திரிப் பேருக்கு. அதுக்கு அடுத்தாப்ல கமிட்டிக்கு. இத்தனைக்கும் தீங்கு இல்லைன்னு ஆன பொறவுதான் உம்ம வீட்டம்மாவைப் பத்தி யோசிக்க முடியும். நியாயந்தானே?"

"நியாயந்தான் ஐயா" என்றார் வாத்தியார். அவருக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பிள்ளையவர்கள் சொன்ன தோரணை அப்படி.

ராமசுப்பு ஐயர் குறுக்கிட்டார். "இதுல ஒரு சட்டப் பிரச்சினை இருக்கு. இது விளக்கா, மருந்தா? விளக்குன்னா மராமத்து இலாகா. மருந்துன்னா வைத்திய இலாகா. விளக்கா எரிஞ்சு மருந்தா வேலை செய்யறதுன்னா ரெண்டு பேர்கிட்டயும் உத்தரவு வாங்கணும் ஓய்."

இரண்டு இலாகாவுக்கும் எழுதினார்கள். மராமத்து இலாகா அது மருந்து என்றது. வைத்திய இலாகா அது விளக்கு என்றது. இரண்டு பதில்களையும் சேர்த்துப் படித்து, அது இரண்டும் அல்லவென்று கமிட்டி ஒருமனதாகத் தீர்மானித்தது. அப்படியானால் அது என்ன? முந்தின வருஷந்தான் மணியாச்சியில் கலெக்டர்மேல் துப்பாக்கி வெடித்து ஜில்லாவே கிடுகிடுத்திருந்தது. கம்பியும் பொறியும் உள்ள பெட்டி எதுவானாலும் போலீஸ் பார்க்க வேண்டும் என்று யாரோ நினைவூட்டினார்கள்.

போலீஸ் அதிகாரி வந்து பெட்டிமேல் காதை வைத்துக் கேட்டார். "இது வெடிக்குமா?"

"வெடிக்காது எசமான்" என்றார் பீர் மைதீன்.

"வெடிக்காதுன்னா எதுக்குவே இத்தனை கம்பி?"

அதிகாரி சந்தேகத்தின் பேரில் முத்துமாலை என்ற கான்ஸ்டபிளைச் சைக்கிளுக்குக் காவல் போட்டுவிட்டுப் போனார். அன்றுமுதல் அந்தச் சைக்கிளைப் போலீஸ் தவிர யாரும் மிதிக்கக்கூடாது என்று உத்தரவாயிற்று.

இன்பமணி ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மருதமரத்தடியில், நோயாளிகளின் சொந்தக்காரர்கள் பொங்கித் தின்னும் ஓலைச்சாய்ப்பில் கிடந்தாள். ஆபரேஷனுக்கு அனுமதி ஆகாதவளுக்குக் கட்டில் கிடையாது. வாத்தியார் தினமும் கமிட்டி நடவடிக்கைகளை ஒன்று விடாமல் அவளிடம் ஒப்பிப்பார். அவர் பயபக்தியோடுதான் சொல்வார். அவள்தான் சிரிப்பாள்.

"விளக்குமில்ல, மருந்துமில்லையா? அப்ப அது ராவ் பகதூரு மாதிரின்னு சொல்லுங்க" என்பாள். பிறகு விலாவைப் பிடித்துக்கொண்டு, "போதும், சிரிக்க வைக்காதீங்க. வயிறு இழுக்கு" என்பாள். வாத்தியாரும் நிறுத்திவிடுவார். ஒவ்வொரு நாளும் பாதிக் கதைதான் சொல்ல முடிந்தது.

ஆடி பிறந்தது. குற்றாலத்தில் சாரல் என்று தந்தி வந்ததும் கமிட்டி முழுவதும் அருவியில் குளிக்கப் போய்விட்டது. திரும்பி வந்தபோது எல்லாருக்கும் தலை குளிர்ந்து புது யோசனைகள் உதித்திருந்தன.

"எந்த ஜீவனுக்கும் சோதிச்சுப் பார்க்காம மனுஷாளுக்குக் காட்டப்படாது" என்றார் ஐயர். "மனுதாரர் தம் சொந்தத்துல ஒரு பிராணி கொண்டு வரணும்."

வாத்தியாரிடம் இருந்தது ஒரே பிராணி, ஒரு கிடா. கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. இன்பமணி குட்டியிலிருந்து வளர்த்தது; ஊரிலிருந்து வண்டியோடு கூடவே வந்து ஓலைச்சாய்ப்பின் காலில் கட்டிக் கிடந்தது. வயிறு சுகமானால் அதைக் கோயில் அசனத்துக்குக் கொடுப்பதாக நேர்ந்திருந்தாள். திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவர்களுக்கு அசனம் என்றால் சபையே ஒரு பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. அதற்கு நேர்ந்த கிடாயில் ஒரு பழுதும் இருக்கக்கூடாது. கொம்பு முறிந்தாலும் காது கிழிந்தாலும் உபதேசியார் திருப்பி அனுப்பிவிடுவார்.

"அது ஆண்டவருக்கு நேர்ந்தது. அதுல இவங்க விளக்கடிச்சுப் பாக்கப்பிடாது" என்றாள் இன்பமணி.

"ஏளா, அதைக் குடுத்தாத்தான் ஒன்னை வெட்டுவாங்களாம்."

அவள் கிடாயைக் கிட்டே இழுத்து அதன் கொம்பையும் காதையும் தடவிப் பார்த்தாள். பிறகு, "பழுதில்லாம திருப்பித் தருவாங்களான்னு கேளுங்க" என்றாள்.

கேட்டார். "கொண்டாந்த மாதிரியே திருப்பித் தாரோம்வே. கமிட்டி வாக்கு" என்றார் பிள்ளையவர்கள்.

முத்துமாலை மிதிக்க, பீர் மைதீன் குழலைப் பிடிக்க, கிடாயின் வயிற்றில் கதிர் காட்டப்பட்டது. ஒரு நாள் போதாதென்று ஆவணி முழுவதும் காட்டப்பட்டது. கிடா குழை தின்றுகொண்டே நின்றது. பிறகு வயிற்றில் ஓர் உள்ளங்கையளவு உரோமம் கொட்டிற்று. பிறகு அந்த இடம் சிவந்தது. பிறகு புண்ணாயிற்று.

"ரோமம் கொட்டிருச்சு ஐயா" என்றார் பீர் மைதீன்.

"வெயிலுக்கு நல்லதுதானவே" என்றார் பிள்ளையவர்கள்.

"புண்ணும் வந்திருக்கு."

"கிடா ஏதும் முறையிட்டுதா?"

"இல்லை ஐயா."

"பொறவு நீரு எதுக்கு முறையிடுதேரு?"

கிடாய்க்கு ஒரு தீங்கும் நேரவில்லை என்று பதிவாயிற்று. இனி அந்தக் கிடா வெறும் கிடா அல்ல, ஆஸ்பத்திரியின் ஒரே அத்தாட்சி. அது செத்தால் கமிட்டியின் பேர் சாகும். எனவே அதைப் பெரிய வார்டுக்குள் கொண்டுபோய், ஜன்னலோரக் காற்றுக் கட்டிலின் காலில் கட்டி, காலையில் புல்லும் மாலையில் கஞ்சியும் வைத்தார்கள்.

இன்பமணி ஓலைச்சாய்ப்பிலிருந்து ஜன்னல் வழியே அதன் கொம்பைப் பார்த்தாள். "ஆடாப் பொறந்திருந்தா எனக்கும் ஒரு கட்டில் கெடைச்சிருக்கும்" என்றாள். அப்போது அவள் கஞ்சியே இறங்காத நிலைமையில் இருந்தாள். வாத்தியார் கிடாயின் புண்ணைப் பார்த்து வந்திருந்தார். அதைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. நேரே மேஜரிடம் போனார்.

"தொரை, கிடாய்க்கு வெளியிலயே புண்ணு வருதே. உள்ள காட்டினா?"

"வரலாம்" என்றார் மேஜர். "சிறிது நேரமே காட்டுவேன். நன்மை மிகுமா, தீமை மிகுமா? எனக்குத் தெரியாது. ஆயினும் நாள் கடந்துகொண்டிருக்கின்றது."

இந்தத் தெரியாது எப்படியோ கமிட்டியின் காதுக்கு எட்டிவிட்டது. புரட்டாசியில் அவசரக் கூட்டம் போட்டார்கள். அதுவரை கமிட்டி அனுமதி கொடுக்கும் தறுவாயில் இருந்தது. இப்போது மேஜர், இது பத்திரமென்று தமக்குத் தெரியும் என எழுதித் தந்தாலொழிய முடியாது என்றார்கள். மேஜர் மறுத்தார்.

பிள்ளையவர்களுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒரு துரை வாயால தெரியாதுன்னு சொல்லலாமாவே? ஜனங்களுக்கு ராஜாங்கத்து மேல என்ன மதிப்பு இருக்கும்? முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்தேன். ஒரு தடவை தெரியாதுன்னு சொல்லியிருப்பேனா? எனக்குத் தெரியாத விஷயத்துலதான்வே நான் அதிகமா கையெழுத்துப் போட்டிருக்கேன்! ஒரு கையெழுத்தாவது தப்புன்னு யாராச்சும் சொன்னதுண்டா?"

"கிடையாது, கிடையாது" என்றார்கள் அங்கத்தினர்கள்.

அப்போது வாசற்பக்கம் சலசலப்புக் கேட்டது. இன்பமணி வாத்தியாரின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றிருந்தாள். மூச்சு வாங்கிற்று.

"ஐயாமாரே, வெட்டுப்படப் போறவ நான். அவரு தெரியாதுன்னு எங்கிட்டதான் சொன்னாரு. எனக்குச் சம்மதம். இதுல உங்களுக்கு என்ன தெரியணும்?"

கமிட்டி ஸ்தம்பித்தது. கமிட்டியின் சரித்திரத்தில் நோயாளி ஒருவர் நேரில் வந்தது அதுவே முதல் தடவை. ஐயர் சட்டப் புஸ்தகத்தைப் புரட்டினார். "நோயாளி சம்மதிக்கறது செல்லாது. நோயாளிக்கு வியாதி இருக்கு. வியாதியஸ்தாளுக்குச் சொந்த விஷயத்துல பட்சபாதம் இருக்கும் ஓய். நமக்குத்தான் இல்லை."

"வாஸ்தவம்" என்றார் பிள்ளையவர்கள். "அம்மா, நீ பைய போய்ப் படுத்துக்கோ. ஒன்னோட பாதுகாப்பைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருக்கோம். சத்தம் போடாதே."

ஐப்பசியில் முதல் மழை இறங்கி ஆற்றில் செம்மண் வெள்ளம் வந்த அன்று அனுமதி வந்தது. மேஜர் எழுதித் தராத அத்தாட்சிக்குப் பதில் ஒரே ஒரு நிபந்தனை. கதிரிலிருந்து ஆளைக் காப்பது காரீயம் என்று யாரோ பட்டணத்தில் சொல்லியிருந்தார்கள். ஆகவே காரீயம் போதுமான அளவு உபயோகிக்கப்பட வேண்டும். காரீயத்துக்கு எங்கே போவது? கொழும்பிலிருந்து வரும் தேயிலைப் பெட்டிகளுக்குள் தகடாக அடித்திருக்குமே! தூத்துக்குடியிலிருந்து பெட்டிகள் வந்தன. தகடுகளை உரித்து ஒரு பெரிய தட்டி செய்தார்கள். ஆபரேஷன் அறையில் கமிட்டியார் உட்காருவதற்கு அதன் பின்னால் நாற்காலிகள் போடப்பட்டன. மேஜருக்கும் பீர் மைதீனுக்கும் தட்டி இல்லை, அவர்கள் நிற்பவர்கள். அறை முழுவதும் தேயிலை மணத்தது.

ஆபரேஷன் அன்று வாத்தியாரை உள்ளே விடவில்லை. அவர் வெளித்தாழ்வாரத்தில் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றார். கமிட்டியாருக்குக் காற்று வேண்டுமென்று ஜன்னல் திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது, பாதி தெரிந்தது. முத்துமாலை தலைப்பாகையும் பித்தளை வில்லையுமாகச் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, தூரத்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்பமணியை மேஜைமேல் கிடத்தினார்கள். குளோரபாரம் கொடுத்தார்கள். மேஜர் வயிற்றைத் திறந்தார். அந்த நேரத்தில் பிள்ளையவர்கள் எழுந்து, ஐந்தாவது ஜார்ஜ் சக்கரவர்த்தியின் க்ஷேமத்தில் தொடங்கி, விஞ்ஞானத்தின் மகிமை வழியாகத் தம் உத்தியோக காலத்தில் நாங்குநேரித் தாலுகாவில் தாம் கட்டிய பாலம் வரை பேசினார்.

"வயிறு திறந்துள்ளது" என்றார் மேஜர். "பேச்சினை நிறுத்துக."

"இதோ, முடிச்சிட்டேன்" என்று பிள்ளையவர்கள் பாலத்தைத் திறந்து வைத்தவர் பெயரையும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மேஜர் முடிந்த மட்டும் வெட்டி எடுத்தார். பிறகு ஈரலைத் தொட்டுப் பார்த்து ஒரு கணம் அசையாமல் நின்றார். அப்புறம், "கதிர்" என்றார். முத்துமாலை மிதிக்க ஆரம்பித்தார். பீர் மைதீன் குழலைத் தாழ்த்திப் பிடித்தார். அதே சமயம் ராமசுப்பு ஐயர் தட்டிக்குப் பின்னாலிருந்து கையை மட்டும் நீட்டி, ஒரு காரீயத் தகட்டைத் திறந்த வயிற்றின்மேல் மூடினார்.

"இது என்ன?" என்றார் மேஜர்.

"நோயாளிக்குப் பாதுகாப்பு. நிபந்தனையில இருக்கு."

"இதன் வழியே கதிர் செல்லாது!"

"அதுதானே சார் பாதுகாப்பு!"

மேஜர் அந்தத் தகட்டைப் பிடுங்கி வீசியெறிந்தார். அது சுவரில் மோதித் தரையில் விழுந்த சத்தம் தாழ்வாரம் வரை கேட்டது. "முத்துமாலை, நிறுத்துலே!" என்று பிள்ளையவர்கள் அலறினார். சைக்கிள் நின்றது. பச்சை வெளிச்சம் அணைந்தது.

"மிதி!" என்று மேஜர் கத்தினார். "மிதி!"

முத்துமாலை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"அண்ணாச்சி, மிதியும்" என்றார் வாத்தியார்.

"கமிட்டி நிறுத்தச் சொல்லுதாவளே. நான் என்ன செய்யட்டும் வாத்தியாரே?"

"அப்ப எறங்கும். நான் மிதிக்கேன்."

"போலீஸ் காவல்ல உள்ள சைக்கிள். வெளியாள் ஏறப்பிடாது. என் தலைப்பாகை போயிரும்."

வாத்தியார் ஏறவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கோட்டுப் போட்டவர்களின் உத்தரவை மீறி, தரையில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் மிதிகட்டையைப் பிடித்துச் சுற்றினார். முத்துமாலை ஒரு கணம் குனிந்து பார்த்தார். பிறகு இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டார். சீட்டில் உட்கார்ந்தபடி, கால் இரண்டும் அந்தரத்தில் நிற்க, "நான் மிதிக்கலை, எனக்குத் தெரியாது" என்று மழையிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

உள்ளே குழல் பச்சையாக எரிந்தது. தகடில்லாத திறந்த வயிற்றின்மேல் எரிந்தது. கமிட்டியார் ஒருவர்மேல் ஒருவராகத் தட்டிக்குப் பின்னால் விழுந்தார்கள். வாத்தியாருக்கு மூச்சு முட்டிற்று, உள்ளங்கை உரிந்தது. அவர் சுற்றினார்.

பிள்ளையவர்கள் தட்டியின் ஒரு துண்டை மார்பில் அணைத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடிவந்தார். முத்துமாலையின் கால்கள் தாமாக இறங்கின. வாத்தியாரைத் தோளைப் பிடித்து விலக்கினார்கள். மறுபடி தகடு வைக்கப்பட்டது. மறுபடி முத்துமாலை மிதித்தார். நிபந்தனைப்படி, உத்தரவுப்படி, பூரண பாதுகாப்போடு, கொழும்புத் தேயிலைத் தகட்டின்மேல் கதிர் நெடுநேரம் செலுத்தப்பட்டது. கைதட்டினார்கள். மேஜர் வயிற்றைத் தைத்தார்.

பிற்பாடு வாத்தியார் அவரிடம் கேட்டார்: "இனி எம்புட்டு நாளு தொரை?"

"எனக்குத் தெரியாது" என்றார் மேஜர். ஆனால் இந்தத் தடவை வாத்தியாரின் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. சர்க்கார் சொத்தான காரீயத்தை வீசியெறிந்ததற்காக அவரைக் கார்த்திகையில் பர்மாவுக்கு மாற்றினார்கள்.

வண்டியில் ஊருக்குத் திரும்பும்போது, சுலோசன முதலியார் பாலத்தின் கீழே ஆறு கரைகொள்ளாமல் போய்க்கொண்டிருந்தது. இன்பமணி வைக்கோல்மேல் படுத்திருந்தாள்.

"விளக்கு பட்டுதா?"

"பட்டுது. கொஞ்ச நேரம். நாந்தான் சுத்தினேன்."

"நீங்களா? கெணத்துல ஒரு வாளி எறைக்கத் தெரியாது உங்களுக்கு." உதட்டோரம் சிரிப்பு வந்தது. உடனே தையலைப் பிடித்துக்கொண்டாள். "கிடா எங்க?"

"கமிட்டி வச்சிருக்கு. பழுதில்லாம தருவாங்களாம்."

"மிச்சக் கதையையும் சொல்லுங்க."

"வேண்டாம்ளா. சிரிப்பே, வலிக்கும். பொறவு சொல்லுதேன்."

மார்கழியில், கிறிஸ்துமஸ் கீதம் பாடுகிறவர்கள் தெருவுக்குள் வருவதற்கு முன்பே, அவள் போய்விட்டாள்.

மாசியில் கமிட்டியின் வருஷாந்தரக் கூட்டம். வாத்தியாருக்கும் அழைப்பு வந்தது. பன்னீர் தெளித்தார்கள். பிள்ளையவர்கள் வாசித்தார்: "இவ்வருஷம் வயிற்று ஆபரேஷனின்போது கதிர் செலுத்தும் அபூர்வ சிகிச்சை நம் ஜில்லாவில் முதன்முதலாக நடைபெற்றது. கதிரினால் நோயாளிக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. நோயாளி பிற்பாடு காலமானது வியாதியினாலேயன்றிக் கதிரினால் அல்ல. நேர்ந்த அசம்பாவிதம் ஒன்றே ஒன்று: நோயாளியின் கணவர் அனுமதியின்றிச் சிறிது நேரம் கதிரை உண்டாக்கினார். கமிட்டியின் தயாளத்தினால் அவர் மன்னிக்கப்படுகிறார்."

எல்லாரும் திரும்பி வாத்தியாரைத் தயாளத்தோடு பார்த்தார்கள். வாத்தியார் பழக்கத்தால் எழுந்து கும்பிட்டார்.

"கமிட்டி வாக்குத் தவறாது. சோதனைக் கிடா கொண்டுவந்த மாதிரியே, பழுதின்றித் திருப்பித் தரப்படுகிறது!"

மாலை போட்டு ஓர் ஆட்டைக் கொண்டுவந்து கயிற்றை அவர் கையில் கொடுத்தார்கள். கறுப்பு உடம்பு. நெற்றியில் வெள்ளை, தொட்டால் விரலில் சுண்ணாம்பு ஒட்டிற்று. வாத்தியார் குனிந்து பார்த்தார். பெட்டை ஆடு.

பக்கத்தில் நின்ற பீர் மைதீன் கீழே பார்த்துக்கொண்டே முணுமுணுத்தார். அவருடைய நடுவிரலிலும் இப்போது கட்டுப் போட்டிருந்தது. "அது கார்த்திகையிலேயே மௌத்தாப் போச்சு வாத்தியாரே. புண்ணு ஆறவே இல்லை. சைக்கிளுக்குப் பின்னால பொதைச்சிருக்கோம். ஒண்ணும் பேசாதீரும்."

"கிடா முன்போலவே இருக்குன்னு ஒரு கையெழுத்துப் போடும் ஓய்" என்றார் ஐயர்.

வாத்தியார் ஆட்டைப் பார்த்தார். பிள்ளையவர்களைப் பார்த்தார். வாயைத் திறந்தார். கூட்டம் கைதட்டிற்று. கையெழுத்துப் போட்டார்.

அசனத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். நேர்ந்தவள் இல்லாவிட்டாலும் நேர்ச்சை இருக்கிறதல்லவா? உபதேசியார் ஆட்டைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

"வாத்தியாரே, இது பெட்டையில்லா?"

"கமிட்டி கிடான்னு எழுதியிருக்கு."

"கமிட்டி எழுதும். ஆண்டவர் பாப்பாரே!" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

பங்குனியில் அந்தக் கிடா இரண்டு குட்டி போட்டது.

அன்று மாலை வாத்தியார் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். ஆடும் குட்டிகளும் பின்னாலேயே வந்தன. இன்பமணியின் மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சுண்ணாம்புச் சுட்டியிலிருந்து தொடங்கினார். பிள்ளையவர்கள் மார்பில் அணைத்த தகடு, அந்தரத்தில் நின்ற முத்துமாலையின் கால்கள், உபதேசியார் ஆட்டைச் சுற்றி நடந்தது, கடைசியில் கிடா குட்டி போட்டது. இனிச் சிரித்தால் வலிக்காது என்பதால், பாதியில் நிறுத்தாமல் முழுவதையும் சொன்னார்.